உடம்பளவு

பதினோராயிரத்து எழுநூறு ரூபாய். நாளுக்குத் தொள்ளாயிரம் வீதம் பதின்மூன்று நாள் கூலி. நெட்டை மேஸ்திரி தன் கூட்டாளி குட்டைக்குத் தரவேண்டிய கடன் அவ்வளவுதான். குட்டை காய்ச்சலில் போய்ச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது.

மேஸ்திரி கழி மாதிரி ஒல்லி, நெடுநெடு உயரம். குட்டை அவர் நெஞ்சுக்குக் கீழே, உருண்டையாக. இருவரும் சேர்ந்து நடந்தால் வேலைக்காரர்கள் "ஒண்ணும் சைபரும் வருது, பத்து வருது பாரு" என்று கேலி செய்வார்கள். குட்டைக்கு எழுத்து தெரியாது. மேஸ்திரி நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக்கூட்டிக் கற்றவர். அதனால் கூலி நோட்டு அவரிடம்தான். குட்டை மையில் கட்டைவிரலைத் தோய்த்து வெற்றுத்தாளின் அடியில் முதலிலேயே வைத்துவிடுவான். "மேல நீ எழுதிக்க மேஸ்திரி. உன் எழுத்து தப்புமா?" என்பான், பானைக்குள்ளிருந்து பேசுகிற அந்தக் குரலில்.

அவன் பெண்டாட்டி கூலி கேட்டு வந்தபோது, அப்படி ஒரு வெற்றுத்தாளில் மேஸ்திரி எழுதி வைத்திருந்தார்: பதின்மூன்று நாள் கூலி பெற்றுக்கொண்டேன், கணக்கு பைசல். அவளுக்கும் படிக்கத் தெரியாது. ரேகையை மட்டும் விரலால் தடவினாள். குறுக்கே ஒரு கோடு ஓடும் ரேகை, டைல் வெட்டும்போது கிழிந்து ஆறிய தழும்பு. "அவரு கைதான் அண்ணே," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு கிடைத்த முதல் வேலை, டீச்சர் வீட்டுப் பின்கட்டு. ஐந்தடிக்கு ஏழடி, ஒரு சந்து மாதிரி இடம்.

"வெளியில வயலு, ரோடு முழுக்க சேறு," என்றார் டீச்சர். "செருப்பு, மழைக்கோட்டு, அழுக்குத்துணி எல்லாம் இங்கயே நின்னுடணும். ஒரு பொட்டு சேறு உள்ள வரக்கூடாது. வாஷிங் மெஷின், கை கழுவ ஒரு தொட்டி, உக்காந்து ஷூ கழட்ட ஒரு மேடை, கோட்டு மாட்ட கொக்கி. முடியுமா?"

"ரெண்டு யானையையும் சேர்த்துக் கட்டச் சொல்லுங்க, இடம் பண்ணிடலாம்."

டீச்சர் சிரித்தார். மேஸ்திரி யோசித்தார். உள்கதவு திறந்தால் மெஷினில் இடிக்கும், ஆகவே தள்ளுக்கதவு. மெஷினை ஓரடி மேடையில் ஏற்றினால் கீழே தண்ணீர் போக வழி. எதிரே உட்காரும் மேடை, அதன் வயிற்றில் செருப்புக்கு அறைகள். நடுவில் இரண்டடிதான் மிஞ்சும், முழங்கால் மெஷினில் முட்டும். அதுதான் டீச்சருக்குக் கவலை.

டேப் அவர் பையிலேயே கிடக்கும். அவருக்கு அளவு அவர் உடம்புதான். முழங்கால் உயரத்துக்கு உட்காரும் மேடை, இடுப்புக்குத் தொட்டி, உச்சந்தலைக்கு மேலே கொக்கி. டீச்சர் வீட்டிலும் எல்லோரும் உயரம், எனவே பொருந்தும். முதல் நாளே சுவரில் முதுகை ஒட்டி நின்று, தலைக்கு மேல் பென்சிலை வைத்து ஒரு கோடு கிழித்தார். கொக்கி வரிசை அந்தக் கோட்டில். பக்கத்துச் சுவரில், வேலை செய்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சின்னக் கோடு போட்டுவந்தார்.

நாலாம் நாள் தொட்டி வைத்தார். மறுநாள் டீச்சர் வந்து குனிந்து பார்த்தார்.

"கொஞ்சம் இறங்கிடுச்சே மேஸ்திரி?"

"என் இடுப்புக்கு வச்சேன்மா. சரியாத்தான் இருக்கு."

சரியாகத்தான் இருந்தது. நின்று பார்த்தார், விளிம்பு இடுப்பில் தொட்டது. ஆனால் அன்று சாயங்காலம் கால்சட்டையின் ஓரம் சேற்றில் இழுபடுவதைக் கவனித்தார். துவைத்துத் துவைத்து துணி தொய்ந்துவிட்டது என்று மடித்துவிட்டுக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் டைல் வெட்டும் இயந்திரம் வலது கட்டைவிரலைக் குறுக்கே கிழித்தது. துணி சுற்றிக்கொண்டு உட்காரும் மேடையைக் கட்டி முடித்தார். பத்தாம் நாள் டீச்சர் அதில் உட்கார்ந்ததும் முழங்கால் தாடைக்கு வந்தது.

"இது யாருக்குக் கட்டினீங்க? எல்.கே.ஜி பிள்ளைக்கா?" என்று சிரித்தவர், பிறகு அவரை உற்றுப்பார்த்தார். "சாப்பிடறதே இல்லையா? ஆளே சுருங்கிப் போயிட்டீங்களே. முகம் மட்டும் உப்பிக் கிடக்கு."

அன்று இரவு மேஸ்திரி முகத்தைத் தடவிப் பார்த்தார். கன்ன எலும்பு கைக்கு அகப்படவில்லை.

பதின்மூன்றாம் நாள் காலையிலிருந்து மழை. மதியத்தில் மெஷினை இறக்கி வைத்துவிட்டு ஆட்கள் போனார்கள். டீச்சர் குடும்பம் வேலை முடியும்வரை தங்கை வீட்டில். மீதி இருந்தது கொக்கி வரிசை மட்டும். தகரக்கூரையில் மழை கொட்டிக்கொண்டே இருந்தது. ஈரச்சிமெண்ட் வாசனை, புது ரப்பர் வாசனை, அவற்றுக்கு அடியில் இன்னொன்று, வியர்வையும் பீடியும் கலந்த பழைய வாசனை. குட்டைதான் பீடி குடிப்பான். மேஸ்திரி தொட்டதே இல்லை. முகர்ந்து பார்த்தார். அவர் சட்டையிலிருந்துதான் வந்தது.

நாலு மணிக்கே இருட்டிவிட்டது. கொக்கிகளை எடுத்துக்கொண்டு பென்சில் கோடு கிழித்த சுவருக்கு எதிரே நின்றார்.

கோட்டைக் காணவில்லை.

யார் அழித்தது? விளக்கைத் தூக்கிப் பிடித்தார். கோடு இருந்தது. மேலே. கையை நீட்டினார், எட்டவில்லை. குதிகாலைத் தூக்கி நின்றார். விரல்நுனி பட்டது.

மழைச் சத்தம் தூரமாகப் போனது.

பத்து வருடமாகத் தொடாத டேப்பைப் பையிலிருந்து எடுத்தார். உட்காரும் மேடையை அளந்தார். பதினாலு அங்குலம். முழங்காலை அதன் பக்கத்தில் வைத்தார்.

இம்மி பிசகவில்லை.

நாள் கணக்குச் சுவரைப் பார்த்தார். பன்னிரண்டு கோடுகள். ஒவ்வொன்றின் அடியிலும் சிமெண்ட் பாலில் பதிந்த ஒரு கட்டைவிரல். இதுவரை கை துடைத்த கறை என்றுதான் நினைத்திருந்தார். கிட்டே போனார். முதல் கறையிலேயே இருந்தது, அவர் விரல் கிழிவதற்கு எட்டு நாளுக்கு முன்பு. குறுக்கே ஒரு கோடு.

விரலில் சுற்றிய துணியை அவிழ்த்தார். காயம் ஆறியிருந்தது. பழைய தழும்பாக. வெளுத்து. வருடக்கணக்கில் இருந்ததுபோல.

போனை எடுத்தார். பணம் தருகிறேன், இப்போதே தருகிறேன். நோட்டில் எழுதியது பொய். இதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் நின்றுவிடும்.

குட்டையின் பெண்டாட்டி எடுத்தாள். "சொல்லுங்க அண்ணே."

"நான்தான்…" என்றார். குரல் அவர் தொண்டையிலிருந்து வரவில்லை. பானைக்குள்ளிருந்து வந்தது.

அந்தப் பக்கத்திலிருந்து, மிக மெதுவாக:

"என்னங்க…?"

மேஸ்திரி உட்காரும் மேடையில் விழுந்தார். உள்ளங்கால் இரண்டும் தரையில் கச்சிதமாகப் பதிந்தன. முழங்கால் மெஷினில் முட்டவில்லை. இடம் தாராளமாக இருந்தது.

"பதிமூணு நாள்ல வந்துடறேன்னு கனவுல சொன்னீங்க. நான் நம்பலைங்க," அவள் அழுதாள், சிரித்தாள். "மேஸ்திரி அண்ணன்கிட்ட இனிமே ஒண்ணும் கேக்காதீங்க. அந்தக் கூலி தீர்ந்துபோச்சு. விட்டுட்டேன். நீங்க வீட்டுக்கு வாங்க."

இல்லை, நான் மேஸ்திரி. நெட்டை. உன் அண்ணன். சொல்ல வாயைத் திறந்தார்.

வலது கை தானாக நீண்டது. சிமெண்ட் சட்டியில் கட்டைவிரல் தோய்ந்தது. பதின்மூன்றாம் கோடு இருக்கவேண்டிய இடத்துக்குக் கீழே அழுந்தியது.

எதிரே மெஷினின் வட்டக் கண்ணாடி, சரியாக முகத்துக்கு நேரே. அதில் விளிம்பு தொட ஒரு வட்டமான முகம். அதன் வாய் அசைந்தது.

"வர்றேன்."