சொட்டுக்கு அடியில்

அன்று காலை அந்த வீட்டில் இருந்தவர்கள் மூன்றே பேர்: குகைக்குள் ஆட்களை அழைத்துப்போய்க் காட்டும் பெரியவர், நுண்ணுயிர் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அவருடைய ஒரே மகள், மகளின் கணவன். கூட இருந்து பார்த்ததாகப் பின்னால் பலர் சொல்லிக்கொண்டார்கள். ஒருவரும் இல்லை.

அப்பா காபி குடித்துவிட்டு வைத்த தம்ளரின் விளிம்பில், உதடு பட்ட இடத்தில், பிறை வடிவத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. மகள் துடைத்துப் பார்த்தாள். சுரண்டினாள். நகம்தான் உடைந்தது.

அந்த வெள்ளை அவளுக்குத் தெரிந்ததுதான். போன மாதம் குகையின் கடைசி அறையில், கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்புக் கல் விழுதுகளின் மேல் தயிர் போலப் படிந்திருந்த வெள்ளைச் சேற்றை அவள்தான் குப்பியில் எடுத்து வந்திருந்தாள். நுண்ணோக்கியின் அடியில் அது முழுக்க உயிராக இருந்தது, நூல் நூலாகப் பின்னிக்கொண்டு, ஈரம் கிடைத்த இடத்திலெல்லாம் கண்ணெதிரே கல்லைக் கட்டிக்கொண்டு போகும் பாக்டீரியா.

"அப்பா, அந்தக் கடைசி ரூம்ல வாய் வச்சீங்களா?"

கல் இன்னும் வளர்கிறதா, காய்ந்து நின்றுவிட்டதா என்று நாக்கு நுனியால் தொட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். கை பட்டால் பிசுக்கு ஏறிக் கல் கறுத்துவிடும், நாக்குக்கு அந்தக் குற்றம் இல்லை என்பது அவர் கட்சி.

"நாப்பது வருஷமா வைக்கிறேன். இன்னைக்குத்தான் கேக்கத் தோணுச்சா?"

"மாமா நக்காத கல்லு ஒண்ணு பாக்கி இருந்தா காட்டு," என்றான் கணவன். பெரியவரும் சிரித்தார். சிரிப்புக்குள் மணல் அரைபட்டது.

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கப்பா."

"போய் என்னன்னு சொல்லுவ? குகையால வந்துச்சுன்னா? நாளைக்கே பூட்டிடுவாங்க. என் பேரைச் சொல்லிப் பூட்டணுமா? வெளிய மூச்சு விடக்கூடாது பாப்பா. சத்தியம் பண்ணு. மாப்ள, உங்களுக்கும்தான்."

அவள் கையடித்துக் கொடுத்தாள். அந்தக் குடும்பத்தில் கொடுத்த வாக்கைத் திருப்பி வாங்கியவர்கள் கிடையாது.

அதன்பின் அவருக்குத் தாகம் அடங்கவில்லை. குளியலறையிலேயே நின்றார், ஒழுகும் ஷவருக்கு அடியில், அண்ணாந்து, வாயைத் திறந்தபடி; மூடிய கதவுக்கு வெளியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்த மகளுக்கு ஈரச் சுண்ணாம்பின் வாடையும், ஒவ்வொரு சொட்டும் நாக்கில் விழும் மெத்தென்ற ஓசையும் மட்டும் வந்துகொண்டிருந்தன.

மூன்றாம் நாள் மத்தியானம் ஓசை மாறியது.

டக்.

டக்.

கல்லில் விழும் சொட்டு.

"அப்பா?"

டக்.

கணவன் ஃபோனை எடுத்தான். அவள் பிடுங்கினாள். வாக்கு. கதவைத் தள்ளினாள். கதவு பாதிதான் திறந்தது. உள்ளே தரையும் கல் படிந்து உயர்ந்திருந்தது.

மகளே பெற்றவரைச் சாகவிட்டாள் என்று வெளியில் ஒரு பேச்சு உலவுகிறது. பொய். அவர் சாகவில்லை. தினமும் காலையில் அவள் கதவிடுக்கு வழியாகப் பார்க்கிறாள். திறந்த வாயிலிருந்து எழுந்திருக்கும் வெள்ளைத் தண்டுக்கும் ஷவருக்கும் நடுவே இப்போது இரண்டு விரல் இடைவெளி. அவள் நகர்ந்தால் அவருடைய கண்களும் கூடவே நகர்கின்றன.