நீட்டாத கை

"கோயில்ல எல்லார் எதிர்லயும் என் பொண்ணு கை நீட்டுறா… நீ மகாராணி மாதிரி கும்பிடு போட்டுட்டு நிக்கிற! இதுக்குப் பேரு சமாதானமா பிரிஜெட்?"

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து பிரேசர் டவுன் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மாமியார் மரியா ஆரம்பித்துவிட்டாள். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது கை குலுக்குவது அந்தக் குடும்பத்தின் வழக்கம். வருஷம் முழுக்க முறைத்துக்கொண்டவர்கள்கூட அந்த ஒரு நிமிஷம் கையைக் கொடுத்துவிடுவார்கள். அந்தக் கையைத்தான் பிரிஜெட் சில வாரங்களாக யாருக்கும் கொடுப்பதில்லை.

நாத்தனார் டோரீனுக்கு முகம் தொங்கிப்போயிருந்தது. "விடு மம்மி… அண்ணிக்கு என்னைக் கண்டா ஆகல. நீ பேசாம என்கூட எலெக்ட்ரானிக் சிட்டில என் வீட்டுக்கு வந்துடு."

"வரத்தான் போறேன்! நாளைக்கு முட்டி டாக்டரைப் பாத்துட்டு அப்படியே உன்கூட வந்துடுறேன். இனிமே இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்!"

பெற்றவளைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்த பிரிஜெட்டுக்கு மம்மி என்று கூப்பிட இருந்தது இந்த மாமியார் ஒருத்திதான். அவளும் போய்விட்டால்?

கையில் என்ன கோளாறு என்று சொல்லியிருக்கலாமே! விடிந்தால் விரல் கணுக்கள் வீங்கி, லேசாகத் தொட்டாலே உயிர் போகும். ஆனால் முட்டிவலியோடு மாமியார், வீங்கிய கால் கட்டைவிரலோடு புருஷன் லாயிட், தானும் படுத்தால் வீடு தாங்காது என்று வாயை மூடிக்கொண்டாள். அந்த விரல்களாலேயே தினமும் காலையில் மாமியாரின் முட்டிக்கு எண்ணெய் தேய்த்தாள். அப்படியொரு மனுஷி அவள்.

ஒரே ஒரு தடவை, "காலைல கை மடங்க மாட்டேங்குது மம்மி" என்று சொல்லிப் பார்த்தாள். "மத்தியானம் மாவு பிசையறப்ப மட்டும் மடங்குதா?" என்றாள் மரியா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மறுநாள் காலை பிரிஜெட்டும் டோரீனும் கூட வர, கிளினிக்கில் டாக்டர் கிருத்திகா மரியாவைப் படுக்கையில் ஏறச் சொன்னார். பிரிஜெட் விரல் படாமல் முழங்கையால் முட்டுக்கொடுத்து மாமியாரை ஏற்றினாள். டாக்டர் அதைக் கவனித்துவிட்டார். "உங்க கையைக் குடுங்கம்மா" என்று வாங்கி, விரல்களின் அடிக்கணுக்களைச் சேர்த்து மெதுவாக அமுக்கினார்.

"அம்மா…!"

அலறல் வெளியே காத்திருந்தவர்கள்வரை கேட்டது.

"ரெண்டு கையிலயுமா?"

"ஆமா டாக்டர்… காலைல ரொம்ப. மத்தியானம் தேவலை."

மரியா சும்மா இருப்பாளா? "அதான் நானும் கேக்கறேன் டாக்டர்! மத்தியானம் சரியாப் போற வலி ஒரு வலியா? நடிப்பு!"

"இல்லம்மா. உங்க முட்டில எலும்புக்கு நடுவுல இருக்கிற மெத்தை தேஞ்சுபோச்சு. அதனால நடந்தா வலிக்குது, உக்காந்தா அடங்குது. இங்க காட்ட வந்தாரே உங்க பையன், அவருக்கு யூரிக் ஆசிட் கட்டைவிரல்ல உப்பு மாதிரி படிஞ்சு குத்துது. இவங்களுக்கு வேற. உடம்பைக் காப்பாத்த வேண்டிய எதிர்ப்பு சக்தியே மூட்டுக்குள்ள இருக்கிற சவ்வை எதிரின்னு நெனச்சுத் தாக்குது. அது வீங்கிடுது, தொட்டாலே வலிக்குது. தூங்கி எந்திரிச்சா இறுகிக் கெடக்கும், வேலை செய்யச் செய்யத் தளரும். நீங்க நடிப்புன்னு சொன்னீங்களே, அதான் இந்த வியாதியோட அடையாளமே! முடக்குவாதம்னு சந்தேகப்படறேன். ரத்தம் எடுத்துப் பாத்துடலாம். சீக்கிரம் மருந்து ஆரம்பிச்சா விரல் கோணாமப் பாத்துக்கலாம்."

மரியா மருமகளையே வெறித்துப் பார்த்தாள். "இந்தக் கையாலயா… தினம் எனக்குத் தேச்சுவிட்டே?"

"தேய்க்கலன்னா உங்களால எந்திரிக்க முடியாதே மம்மி…"

"ஐயோ அண்ணி!" டோரீன் விம்மினாள். "வாராவாரம் நான் வேற கையை நீட்டி நீட்டி… ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

மரியா படுக்கையை விட்டு இறங்கினாள். முட்டி சுருக்கென்றது, அவள் அதைச் சட்டை செய்யவில்லை.

"நான் எங்கயும் போகல டோரீன். இவளை விட்டுட்டு எங்க போவேன்? பாவி நான்… கூடவே இருந்தும் தெரியாமப் போச்சே!" பிரிஜெட்டின் கையைத் தொடப் பயந்து, தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். "இனிமே வலிச்சா கத்துடி. அந்த வீட்ல கத்துறதுக்கு எனக்கு மட்டும்தான் உரிமையா?"

பிரிஜெட் தலையசைத்தாள். பிறகு, இத்தனை காலம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள், மாமியாரின் தோளில் முகம் புதைத்தாள்.

"வலிக்குது மம்மி… ரொம்ப வலிக்குது!"