மூன்றரை விரல்

முந்தின நாள் மாலை காலியாகக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போன கூடை, காலையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. விளிம்பு வரை மணல்.

ஹாடிபந்து ஏணியின் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டான். கையிலிருந்த பந்தத்தைத் தாழ்த்திப் பார்த்தான். மணலின் மேல் பக்கம் உள்ளங்கையால் தட்டிச் சமமாக்கப்பட்டிருந்தது. அதன் மேல் விரல் குறி பதிந்திருந்தது.

மணல் அள்ளுகிறவர்களின் வழக்கம் அது. கூடை நிரம்பியதும் தன் விரல்களை மேலே ஒருதரம் அழுத்திவிட்டுத்தான் கயிற்றை ஆட்டுவார்கள். குறியைப் பார்த்து யார் கூடை என்று மேலே இருப்பவன் சொல்லிவிடுவான். ஹாடியின் குறி நான்கு விரல், குறுக்கே ஒரு கட்டைவிரல். கூட வேலை செய்யும் நடபரனுடையது வெறும் இரண்டு விரல், சோம்பேறிக் குறி. இந்தக் கூடையில் இருந்தது மூன்றரை விரல். மோதிர விரல் பாதியில் நின்றிருந்தது.

அந்தக் குறி வைத்தவன் இந்தக் கூட்டத்திலேயே ஒருவன்தான். கல் உருண்டு விரலைத் தின்ற தனுர்ஜயன். ஹாடியின் கூடப்பிறந்த அண்ணன். அவன் போய் ஒன்பது வருஷமாகிறது.

ஹாடி முழங்கையால் குறியை அழித்தான்.

"என்னடா, விடியறதுக்குள்ள ஒரு கூடை ரொப்பிட்டியா?" மேலே சன்னலில் இருந்து நடபரன் கத்தினான். "பார்த்துடா, மகாராஜா சந்தோஷப்பட்டு உன்னையும் ஒரு தூண்ல செதுக்கச் சொல்லிடப் போறாரு! மூஞ்சிக்கு மட்டும் வேற ஆளைப் பார்க்கணும்!"

ஹாடி சிரித்துவைத்தான். சிரிக்காவிட்டால் கீழே இறங்கி வந்துவிடுவான் அந்த வாயாடி.

கலிங்கத்துக் கடலோரத்தில் மன்னர் கட்டிய சிவன் கோயில் அது. சுவர் ஒவ்வொரு கல்வரியாக ஏற ஏற, உள்ளேயும் மணலைக் கொட்டி அதே உயரத்துக்கு மேடாக்கிக்கொண்டே வந்தார்கள். அந்த மணல் மேட்டின் மேல்தான் கற்களை இழுத்தார்கள், கூரையையும் வைத்தார்கள். கூரை முடிந்துவிட்டது. இப்போது முன்மண்டபத்தின் வயிற்றில் இருக்கும் மணல் முழுவதையும் பக்கச் சன்னல் வழியாக அள்ளி வெளியே கொட்டவேண்டும். குடமுழுக்குக்குப் பன்னிரண்டே நாள்.

வேலை தொடங்கிய அன்றே கண்காணி வாசுதேவ பட்டநாயக் எல்லோரையும் நிறுத்திவைத்துச் சொன்னார்.

"உள்ளே மனுச எலும்பு ஒண்ணு கிடைச்சாலும் கோயில் தீட்டு. சாமி ஏறாது. பத்து வருசத்து வேலை பாழ். அது எப்படி உள்ளே வந்துதுன்னு மகாராஜா கேப்பாரு. அவரு வாயால கேக்க மாட்டாரு, கழுமரத்தால கேப்பாரு. புரிஞ்சுதா?"

எல்லோருக்கும் புரிந்தது. எலும்பு எங்கே இருக்கிறது என்பது ஹாடிக்கு மட்டும் தெரியும். கீழேயிருந்து பதினோராவது கல்வரி, வட சுவரில் கொத்தர் மீன் குறி வெட்டிய கல், அதிலிருந்து ஒரு கை தூரம்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், மணல் மேட்டின் மேல் இரும்பு உத்தரத்தை இருநூறு பேர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் கூடை கூடையாகக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். வட மூலையில் மணல் உள்வாங்கியது. தனுர்ஜயன் மார்பு வரை இறங்கிவிட்டான். "தம்பி, கயிறு போடுடா," என்றான். பயந்துகூடச் சொல்லவில்லை, தண்ணீர் கேட்பது போலச் சொன்னான். கயிறு ஹாடியின் தோளில்தான் இருந்தது. அண்ணன் செத்தால் அண்ணியைத் தம்பி கட்டிக்கொள்வது அவர்கள் குலத்து வழக்கம். அண்ணி குந்தலாவின் முகம் ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவன் மனசுக்குள் வந்துபோனது. அதற்குள் மணல் தலைக்கு மேல் மூடியிருந்தது. உள்ளிருந்து சத்தம் மட்டும் வந்தது.

"என்ன சத்தம் அங்கே?" என்று உத்தரத்துப் பக்கமிருந்து கண்காணி கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்கய்யா. காத்து. கொட்டச் சொல்லுங்க," என்றான் ஹாடி.

கொட்டினார்கள்.

செத்தான் என்று சொன்னால் எப்படி, எங்கே என்று கேள்வி வரும். ஆகவே தெற்கே போகும் படகில் ஏறி ஓடிவிட்டான் என்று ஹாடி புளுகினான். ஓடிப்போனவன் பெண்டாட்டி விதவையாவாளா? குந்தலா நெற்றிச் சிந்தூரத்தையும் கை வளையலையும் கழற்றவே இல்லை. திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக, எதற்காகச் செய்தானோ அதுவும் கிடைக்காமல், வாயைத் திறந்து அழவும் முடியாமல் ஒன்பது வருஷம் அதே வீட்டில் அவள் கைச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தான் பாவி.

இப்போது அவனுக்கு வேண்டியது ஒன்றுதான். மற்றவர் கண்ணில் படுவதற்கு முன் அந்த எலும்புகளை எடுத்துக் கூடையின் அடியில் போட்டு, மேலே மணலை மூடித் தன் குறியை வைத்து, தானே சுமந்துபோய் ஆற்றில் கொட்டிவிடவேண்டும். அதனால்தான் அடிமட்ட வேலையை விரும்பிக் கேட்டு வாங்கினான். காற்றில்லாத அந்தக் குழிக்குள் வேறு யார் போட்டிக்கு வரப்போகிறார்கள்?

மறுநாள் காலை இரண்டு கூடைகள் நிரம்பியிருந்தன. அதற்கு மறுநாள் நான்கு. எல்லாவற்றிலும் மூன்றரை விரல். ஹாடி மற்றவர்களுக்கு முன்பே ஓடிவந்து அழித்தான். ஒன்பது வருஷமாக வெயில் காணாத மணலின் ஈர வாடையும் வௌவால் நாற்றமும் கடல் உப்பும் கலந்து மூக்கில் ஏறும் அந்த இருட்டில், கூடைக்குப் பக்கத்தில் குனியும்போது மட்டும் இன்னொரு வாசனை வந்தது. பூண்டு போட்டுக் காய்ச்சிய கடுகெண்ணெய். குளிர் நாளில் வெட்டுப்பட்ட விரல் குடையும்போது அண்ணன் தடவிக்கொள்வது.

அமாவாசை கழிந்த காலையில் குந்தலா வாசலிலேயே அவனை நிறுத்தினாள். ஒவ்வொரு அமாவாசைக்கும் புருஷன் பத்திரமாகத் திரும்பவேண்டும் என்று இலையில் சோறும் பருப்பும் வைத்துக் கொல்லை மூலையில் வைப்பாள். அந்த இலையைக் கையில் ஏந்தியிருந்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்து அவன் பார்த்ததே இல்லை.

"தம்பி, இதைப் பாருங்க! காக்கா தொடலை, நாய் தொடலை. பாருங்க!"

குவித்து வைத்த சோறு தட்டிச் சமமாகியிருந்தது. மேலே விரல் பதிந்திருந்தது. மூன்றரை.

"அண்ணி... யாராவது விளையாடியிருப்பாங்க."

"உங்க அண்ணன் விரல் எனக்குத் தெரியாதா? வந்துட்டாரு. வீட்டுக்குள்ள வர வெட்கப்பட்டுக்கிட்டு எங்கேயோ நிக்கறாரு. ஓடிப்போனவருக்கு ரோஷம் இருக்காதா?" கண் தளும்பச் சிரித்தாள். "வேலை முடியற அன்னிக்கு நல்லா ஆக்கி வைக்கப்போறேன். சீக்கிரம் வந்துடுங்க."

அவன் வேலைக்கு நடந்தான். தாழம்புதர் தாண்டி யாரும் பார்க்காத இடத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான்.

பதினோராவது வரி ஏழாம் நாள் தெரிந்தது. மீன் குறி. நடபரனைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டு வெறுங்கையால் பறித்தான். ஒரு முழம். இரண்டு முழம். எலும்பு இல்லை. பல் இல்லை. ஒரு முடிகூட இல்லை.

பந்தத்தைச் சுவரோரம் பிடித்தபோது அது கண்ணில் பட்டது. மீன் குறிக்குக் கீழே கல்லில் பழுப்பாக ஒரு தீற்றல். மூன்றரைக் கோடு. பத்தாவது வரியில் ஒன்று. மணலைத் தள்ளினால் ஒன்பதாவதில் ஒன்று. எல்லாம் கீழ்நோக்கி இழுபட்டிருந்தன.

மேலேயிருந்துதானே மணல் வந்தது. அதனால் அண்ணன் கீழே போயிருக்கிறான்.

எத்தனை நாள் உயிரோடு போனான் என்று ஹாடி யோசிக்கவில்லை. யோசிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்தான். எட்டாவது வரி. ஆறாவது. நாலாவது. தீற்றல் நிற்கவே இல்லை. பதினோராம் நாள் மாலை தளக்கல் தெரிந்தது. வாசலை அடைத்திருந்த செங்கலையும் இடித்துத் திறந்தார்கள். கடல் வெளிச்சம் உள்ளே வந்தது. எல்லோரும் கூவினார்கள்.

மண்டபத்தின் நட்டநடுவில் தளக்கல் போடாமல் விட்டிருந்த இடம் ஒன்று உண்டு. நிதிக் கலசம் வைத்து மூடவேண்டிய பள்ளம். பழைய மணல் அதில் நிறைந்திருக்கவேண்டும். அது வெறும் பொந்தாக, மூன்று ஆள் ஆழத்துக்குக் கறுத்துக் கிடந்தது.

"ஊத்துத் தண்ணி அரிச்சிருக்கு," என்றார் கண்காணி. "நாளைக்கு உச்சி வேளையிலே முகூர்த்தம். பூசாரி விளக்கை இறக்கி, சுத்தமா இருக்கான்னு பார்ப்பாரு. பார்த்ததும் ஆத்து மணலைக் கொட்டி ரொப்பி, கலசம் வச்சுக் கல்லை மூடணும். மகாராஜா வந்து நிப்பாரு. கொட்ட ஆரம்பிச்சா நடுவிலே நிறுத்தக்கூடாது. நின்னா அபசகுனம். நின்ன கை எவன் கையோ, அந்தக் கை போச்சு."

விளக்கு இறங்கும். எலும்பு தெரியும். ஹாடிக்கு அன்று தூக்கம் ஏது?

மறுநாள் வெயில் ஏறியதும் மற்றவர்கள் வெளியே பழைய சோற்றுக்கு உட்கார்ந்த நேரம் பார்த்து, தூணில் கயிற்றைக் கட்டி, ஒரு அகலைப் பல்லில் கவ்விக்கொண்டு பள்ளத்தில் இறங்கினான். பள்ளத்தின் சுவரெங்கும் விரல் கோடுகள். அடியில் வெறும் ஈர மண். எலும்பு இல்லை. பக்கவாட்டில் ஒரு ஆள் படுத்து நுழையும் அளவுக்கு ஒரு வளை போனது. கடுகெண்ணெய் வாசம் அதற்குள்ளிருந்துதான் வந்தது.

"நாசமாப் போக. இவ்வளவு தூரம் வந்தாச்சு," என்று தனக்கே சொல்லிக்கொண்டு படுத்து நுழைந்தான். கூரை முதுகை உரசியது. முழங்கை தோல் உரிந்தது. பத்து முழம் போனதும் வளை முடிந்தது. அங்கே ஒரு கூடை. மூங்கில் பின்னல் உளுத்துப்போன பழைய கூடை. அதற்குள் அண்ணனின் செப்புத் தாயத்து, மடித்து வைத்த இடுப்புத் துணி. வேறொன்றும் இல்லை. எலும்பு எங்கே? அண்ணன் எங்கே?

அகல் அணைந்தது.

பின்னால் வெளிச்சம். திரும்ப இடமில்லை. கக்கத்துக்கு அடியில் எட்டிப் பார்த்தான். தூரத்தில், பள்ளத்துக்குள், ஒரு விளக்கு கயிற்றில் மெல்ல இறங்கி ஆடிக்கொண்டிருந்தது. அதற்குள்ளாகவா? ஒரு நாழிகைகூட ஆகவில்லையே!

"சுத்தமா இருக்கு," என்றது பூசாரியின் குரல். விளக்கு மேலே போனது. சங்கு ஊதினார்கள்.

பின்பக்கமாகவே தவழ்ந்தான். மணல் கண்ணில் விழுந்தது. முட்டி கிழிந்தது. பள்ளத்துக்குள் வந்து நிமிர்ந்தான். கயிறு இல்லை. யாரோ அவிழ்த்து எடுத்திருந்தார்கள். மேலே ஒரு சதுர வெளிச்சம். விளிம்பில் ஆட்கள்.

"நடபரா!" என்று கத்தினான். "கயிறு போடுடா! நான்தான்டா!"

முரசு. முரசுக்கு நடுவே கண்காணியின் குரல் கேட்டது.

"என்ன சத்தம் அங்கே?"

பிறகு ஒருவன் பதில் சொன்னான். பள்ளத்து விளிம்பிலேயே நின்று சொன்னான். ஹாடியின் குரலில் சொன்னான்.

"ஒண்ணுமில்லீங்கய்யா. காத்து. கொட்டச் சொல்லுங்க."

முதல் கூடை தோளில் விழுந்தது. ஈர மணல். பாரம் முட்டியை மடக்கியது. இரண்டாவது. மூன்றாவது. கத்தினான். வாயில் மணல். துப்பினான். கத்தினான். முரசு நிற்கவில்லை. இடுப்பு வரை. மார்பு வரை.

"போதும்டா ஹாடி, மத்தவன் கொட்டட்டும்!" நடபரன் யாரையோ கூப்பிட்டான். "உங்க அண்ணி ஆக்கி வச்சிக் காத்திருக்கும். போடா வீட்டுக்கு!"

அங்கே எவனோ சிரித்தான். ஹாடியின் சிரிப்பு. காலடிகள் வாசல் பக்கம் போயின.

போவதற்கு முன் கடைசியாக அவன் கொட்டிய கூடை மணல் சிதறாமல், கவிழாமல் ஒரே கட்டியாக ஹாடியின் முகத்துக்கு நேரே விழுந்து நின்றது. மேல் பக்கம் தட்டிச் சமமாக்கியிருந்தது. அதில் குறி பதிந்திருந்தது. நான்கு விரல், குறுக்கே ஒரு கட்டைவிரல்.

ஹாடி மணலுக்குள்ளிருந்து தன் கையைப் பிடுங்கி வெளியே எடுத்தான். அந்தக் குறியின் மேல் வைத்துப் பார்த்தான்.

சுட்டு விரல் சரியாகப் பொருந்தியது. நடு விரல் பொருந்தியது. சுண்டு விரல் பொருந்தியது. மோதிர விரல் பாதிவரைக்கும்தான் எட்டியது.