முந்திக்கொண்ட அலை

உண்ட மயக்கத்தில் ஊரே கண்ணயரும் மதிய வேளையில் அவள் ஆய்வகத்தின் நிலவறைக்குப் படியிறங்கினாள். கூடவே மின்பணியாளர். வாய் ஓயாத மனிதர் என்பதால் எல்லோருக்கும் அவர் ரேடியோ. கீழே ஜன்னல் கிடையாது. குளிரூட்டும் பம்பு மட்டும் சீக்காளி மாதிரி முனகிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு இந்த ரூமைப் பூட்டுறாங்களாம் மேடம். எல்லாத்தையும் கழட்டி லாரியில ஏத்திடுவாங்க. என்ன செய்யறதா இருந்தாலும் இன்னைக்கே செஞ்சுடுங்க," என்றார் ரேடியோ.

அவளுக்கா தெரியாது? இதே அறையில்தான் குளிரூட்ட வைத்திருந்த நைட்ரஜன் கசிந்து, மூச்சடைத்து, அவள் கணவன் செத்துப்போனான். அவன் கையால் செய்த கடைசிக் கம்பி அவள் கையிலிருந்த சின்ன உலோகப் பெட்டிக்குள் இருந்தது. கம்பி என்று பேர்தான். தலைமயிரை ஆயிரமாகப் பிளந்தால் ஒரு கீற்று என்ன இருக்குமோ அவ்வளவு. அதற்குள் மாறுதிசை மின்னோட்டம் எப்படி நடந்துகொள்கிறது என்று அளந்துவிட்டால் அவனுடைய உழைப்பு முழுமையாகும். கம்பி கருகினால் அத்தனையும் ஆற்றில் கரைத்த புளி.

கருக்க ஒரு விரல் போதும். உடம்பில் ஒட்டியிருக்கும் துளி மின்சாரமே அதைச் சாம்பலாக்கிவிடும். அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பெட்டியருகே நிற்பவர் "தொடுறேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். எதிர்ச்சுவரில் இருக்கும் சுவிட்சுகளை இன்னொருவர் இறக்கி, கம்பியின் இரு முனைகளையும் தரையோடு சேர்த்து, அந்த மின்சாரம் தரைக்குள் இறங்க வழிசெய்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் யாரும் கை வைக்கக் கூடாது. அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவனே அவன்தான். அவள் காய்ச்சலில் படுத்திருந்த அன்று, பொறுமையில்லாமல் தனியாக இறங்கி உயிரை விட்டவனும் அவன்தான். உபதேசமெல்லாம் ஊருக்குத்தான்.

நினைத்தால் அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"தொடுறேன்."

"தொடுங்க மேடம்."

பெட்டியை அளவுக் கருவியோடு இணைத்தாள். ரேடியோ சுவிட்சுகளை ஏற்றினார். திரையில் இரண்டு அலைகள் எழுந்தன. பச்சை, அவள் கம்பிக்குக் கொடுப்பது. மஞ்சள், கம்பி திருப்பிச் சொல்வது.

"உயிரோட இருக்கு," என்றாள்.

இன்னொரு கேபிள் எடுத்துவர ரேடியோ மேலே போனார். அவர் பேச்சு நின்றதும் பம்பின் முனகல் அறையெல்லாம் நிறைந்துவிட்டது. அவளுக்கு உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

மஞ்சள் அலை பச்சையைவிட ஒரு மயிரிழை முந்தி ஆடியது. இவ்வளவு சின்னக் கம்பியில் அது நடப்பதுதான். இந்த மின்னோட்டத்தில் எலக்ட்ரான் எங்கும் போய்ச் சேர்வதில்லை. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம், இருந்த இடத்திலேயே அலைபாயும். "போகவும் மனசில்ல, இருக்கவும் இடமில்ல" என்று அவன் கேலி செய்வான்.

வேகத்தைக் கூட்டக் குமிழை நோக்கிக் கை நீட்டினாள்.

மஞ்சள் வேகமெடுத்தது.

அவள் விரல் இன்னும் குமிழில் படவில்லை.

கையை இழுத்துக்கொண்டாள். மஞ்சள் தணிந்தது. மறுபடி நீட்டினாள். மறுபடியும் வேகமெடுத்தது. தூக்கம் கெட்ட கண்ணுக்குத் தெரிவதெல்லாம் பேய்தான் என்று தன்னையே திட்டிக்கொண்டு, கம்பிக்குக் கொடுத்த மின்சாரத்தை நிறுத்தினாள். பச்சை நேர்கோடாகப் படுத்துவிட்டது.

மஞ்சள் ஆடிக்கொண்டே இருந்தது.

இருமல் மிட்டாய் வாசனை வந்தது. அவன் எந்நேரமும் கடைவாயில் அடக்கிக்கொண்டிருப்பானே, அதே மிட்டாய். அளவுகள் கணினியில் ஏறிவிட்டன. கம்பியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டால் போதும் என்று பெட்டியை நோக்கிக் குனிந்தாள்.

"தொடுறேன்," என்றது பழகிய வாய்.

பின்னால் சுவிட்சுகள் இறங்கின.

டக். டக். டக். டக்.

"தொடு."

ரேடியோ வந்துவிட்டார் என்று அவளுக்கு உயிர் வந்தது. பெட்டியைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"மேடம், கேபிள் கிடைச்சுடுச்சு! நான் வந்து சுவிட்சை இறக்குறேன், அதுக்குள்ள கை வச்சுடாதீங்க!"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து திரும்பவில்லை.

உள்ளே வந்தவர் சுவரைப் பார்த்தார். "அட, இறக்கியாச்சா? அங்க நின்னுக்கிட்டு உங்களுக்கு எப்படிக் கை எட்டி..." என்றவர் மூக்கை உறிஞ்சினார். அந்த வாசனை அவருக்கும் தெரியும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக ரேடியோ நின்றது.

மேலே கொண்டுபோய்ச் சோதித்தார்கள். கம்பி கருகவில்லை. அன்று சாயங்காலமே அறையைப் பூட்டச் சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள். வழி நெடுக அவன் நினைப்புதான். பயமாகவும் இருந்தது, அந்த இருட்டில் அவனை விட்டுவிட்டு வருகிறோமே என்று பாவமாகவும் இருந்தது. இனி அவன் அந்த அறையோடு இருந்துவிடுவான் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. பூட்டில் சாவியைத் திருப்பிவிட்டுக் கைப்பிடியை நோக்கிக் கை நீட்டினாள். அவள் வாய் திறக்கவில்லை. ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

அவள் கை படுவதற்கு முன்பே, கதவுக்கு உள்ளிருந்து பதில் வந்தது.

"தொடு."