நாலு வாய் மாறிய பல்

இன்வோலுக்குப் பல் ஒன்றுதான் போயிருந்தது. பாடும்போது இரண்டு என்று வந்தது.

இன்வோல் திருகைப் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. வாற்கோதுமைத் தூளும் கடல் உப்பும் ஈரக் கருங்கல்லும் மணக்கும் கொட்டகையில், எதிரே அதே பிடியைப் பற்றிச் சுற்றிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மால்ரே, புருஷன் உடைத்த பல்லைப் பற்றிப் போன வாரம் இன்வோல் கட்டிய பாட்டடியைத்தான் கண்ணை மூடிப் பாடினாள். கொரியாவின் ஜேஜூத் தீவில் மாமியாரையும் புருஷனையும் திருகை சுற்றிப் பாடித்தான் திட்ட முடியும். அங்கே பாடியதற்கு எவனும் கை ஓங்கக் கூடாது. மற்றதற்கெல்லாம் ஓங்கலாம்.

"ஒரு பல்லுதானேக்கா?"

"கடலோரத்துப் பொம்பளைங்க இப்படித்தான் பாடுறாளுங்க. உனக்கு ஒண்ணு போதும், அவளுங்களுக்குப் பத்தலயாம்." மால்ரே சிரித்தாள். "வாயவிட்டுப் போயிடுச்சுல்ல, இனி அது உன் பாட்டில்லடி."

அன்று சாயங்காலம் புருஷன் தோக்சூ அடித்ததில் இரண்டாவது பல் விழுந்தது.

நான்கு நாளில் மலையடி ஊர் சுற்றிப் பாட்டு திரும்பியது: விலா எலும்பு. மறுநாள் விலா முறிந்தது. அதற்கடுத்த நாள், முதுகில் குடம் சுமந்து போன ஒருத்தி கழுத்து என்று பாடிக்கொண்டே நடந்தாள்.

இன்வோல் மால்ரேயை இழுத்துவந்து திருகை முன் உட்காரவைத்தாள். கட்டியவள் தன் அடியைத் தானே மாற்றக் கூடாது. அடுத்தவள் வாய்தான் மாற்ற வேண்டும்.

"அவன் பல்லுன்னு பாடுக்கா. எல்லாப் பல்லும்."

"பைத்தியமாடி உனக்கு?"

"அடுத்தது கழுத்துக்கா. என் கழுத்து. பாடு!"

மால்ரே பாடினாள். மெல்ல. பிறகு சத்தமாய். கற்சுவருக்கு அப்பால் ஒருத்தி பிடித்துக்கொண்டாள். அவளிடமிருந்து இன்னொருத்தி. குரல் குரலாகக் கடலோரம் வரை போனது.

வாசலில் தோக்சூ நின்றான். வாய் மூடவில்லை. மார்பு வரை ரத்தம். உள்ளங்கையில் பற்கள், வேரோடு.

இன்வோல் சிரித்தாள். கல்யாணமானபின் முதல் முறை.

கடலோரத்திலிருந்து பாட்டு திரும்பி வந்தது. வளர்ந்து: இப்போது அவன் தலை.

"அடியே, கல்லக் கீழ வைடி!" மால்ரே அலறினாள்.

இன்வோல் பார்த்தாள். திருகையின் மேல்கல் அவள் கைகளில் இருந்தது. இரண்டு பேர் தூக்கும் கல். விரல்கள் திறக்கவில்லை. தோள்மூட்டு கழன்றது. கல் இறங்கவில்லை. ஓர் எட்டு. இன்னோர் எட்டு. தோக்சூ மண்டியிட்டான். அழுதுகொண்டே தலையைத் தாழ்த்தினான்.

கற்சுவருக்கு மேலே ஊர்ப் பெண்களின் முகங்கள், வரிசையாக. எல்லோரும் ஒன்றாக, அடுத்த அடிக்கு மூச்சை இழுத்தார்கள்.