பலிக்கிற வாய்

கொடியில் கிடந்த வெள்ளைத் துண்டை உதறியபோது சாம்பல் பறந்தது. கடுகளவுதான். விரல் நுனியில் தேய்த்துப் பார்த்தாள். அடுப்புச் சாம்பல் இல்லை, இலைச் சாம்பல். பத்து வருஷமாகச் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள் அவள். துணி பழுப்பேறுவதற்கு முன்பே அவள் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

மலைப் பக்கம் பார்த்தாள். வானம் தெளிவாகத்தான் இருந்தது.

"அங்க என்ன வேடிக்கை? டப்பாவெல்லாம் வேன்ல ஏத்தியாச்சா?" மாமியார் வாசலில் வந்து நின்றாள். "எதையாவது சொல்லித் தொலைக்காத. ஏரிக்குப் போகணும்னு குழந்தை சிட்டு ஒரு வருஷமா கேட்டுட்டு இருக்கு."

"நான் ஒண்ணும் சொல்லல, அத்தை."

"சொல்லாம இருந்தா சரி."

இரண்டு வருஷமாகச் சொல்லாமல்தான் இருக்கிறாள். அன்று நாத்தனாரின் புருஷன் பைக்கை எடுக்கப் போனபோது, "மழை வலுக்குதே, நாளைக்குப் போகக்கூடாதா? வழியில ஏதாவது ஆயிட்டா..." என்று கேட்டுவிட்டாள். சாயங்காலம் அவனைத் துணி சுற்றித்தான் கொண்டுவந்தார்கள். மழையை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அவள் சொன்னது மட்டும் நினைவிருந்தது. கருநாக்கு என்றாள் மாமியார். கணவன் மறுக்கவில்லை. நாத்தனார் வாயே திறக்கவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விடக் கனத்தது. அதற்கப்புறம் பால் பொங்கப் போகிறது என்றுகூட அவள் யாரிடமும் சொன்னதில்லை. தானே ஓடிப்போய் அணைப்பாள்.

கணவன் ஓட்டும் பள்ளிக்கூட வேனில்தான் போனார்கள். முன்சீட்டில் மாமியார், நடுவில் நாத்தனாரும் அவள் மகள் சிட்டுவும், கடைசி சீட்டில் டப்பாக்களோடு அவள். மலையடிவாரத்துச் சாவடியில் காவலர் வண்டி எண்ணை எழுதிக்கொண்டார். "தீக்காலம். அடுப்பு பத்த வைக்காதீங்க. இருட்டறதுக்குள்ள இறங்கிடுங்க."

மலைமேல் ஏரிக்கரையில் ஒரு பலகைக் கொட்டகையும் இரண்டு படகுகளும் இருந்தன. படகு வாடகைக்கு விடும் அம்மாள் ஒரு காலை இழுத்து இழுத்து வந்து, சிட்டுவுக்கு மிதவைச் சட்டையை மாட்டிவிட்டாள். "மீன் பிடிச்சா பாதி எனக்கு. ஏமாத்தினா அடுத்த தடவை படகு கிடையாது."

அப்பா போனதிலிருந்து சிரிக்காத குழந்தை சிரித்தது. மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

படகு ஒரு சுற்று வந்து கரை சேர்ந்ததும் காற்று திரும்பியது. இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் மறந்து வைத்த வாசனை. எதிர் முகட்டுக்குப் பின்னால் மெல்லிய மஞ்சள் மூட்டம். மாமியார் தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். மருமகளின் நாக்கு எழும்பி, மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சொன்னபடி தீ வந்தால், அவள் வரவழைத்ததாகும். வராவிட்டால், குழந்தையின் நாளை வாயால் கெடுத்தவள் ஆவாள்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "என்னங்க... நெஞ்சு வலிக்குது. வீட்டுக்குப் போயிடலாம்."

"வாயத் தொறந்து கெடுத்தது போதாதுன்னு இப்ப நெஞ்சப் புடிச்சுக் கெடுக்கறியா?" என்றாள் மாமியார். "என் பேத்தி சிரிச்சது பொறுக்கலையா உனக்கு?"

கணவன் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்தான். சிட்டு அழுதாள். படகுக்கார அம்மாள் தண்ணீர் டம்ளரோடு காலை இழுத்து ஓடிவந்தாள். "குடிம்மா. பதறாம போங்க."

'தீ' என்ற வார்த்தை பல் வரைக்கும் வந்தது. பக்கத்தில் மாமியார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். அவ்வளவுதான். அந்த நிமிஷத்தில் யாரும் அவளை அடக்கவில்லை என்பது அவளுக்கே தெரியும். நாக்கில் முடிச்சுப் போட்டவர்கள் என்றோ போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தினமும் இறுக்கிக்கொண்டவள் அவள்தான்.

இறங்கும் வழியில், ஆறாவது வளைவில் சிட்டு பின் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்: "அத்தை, மலை சிவப்பா இருக்கு."

அவர்கள் சற்றுமுன் தாண்டிவந்த இடத்தில் தீ சாலையைக் கடந்துகொண்டிருந்தது.

"திருப்புங்க!" இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்தது. "அந்தம்மா மேல இருக்காங்க, வண்டியத் திருப்புங்க!"

திருப்ப வழியில்லை. கணவன் சாவடி வரைக்கும் ஓட்டிவந்து நிறுத்தினான். அங்கே தீயணைப்பு வண்டிகள் வரிசையாக நின்றன. கணவன் பின்னால் திரும்பிக் கேட்டான். "உனக்கு நெஞ்சு வலிக்கல, இல்ல?"

"வலிக்கல."

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"காலையிலயே வாசனை வந்துச்சு."

"ஏண்டி சொல்லல?"

அவள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் தன் மடியைப் பார்த்தாள்.

நாத்தனார்தான் உடைந்தாள். "அண்ணி... அன்னிக்கு அவர் போகலைன்னுட்டார். 'உங்க அண்ணி சொல்றதும் சரிதான்'னு சாவிய ஆணியில மாட்டிட்டு உக்காந்துட்டார். நான்தான்... இன்னொருத்தி பேச்சக் கேட்டு நடக்கறீங்களான்னு சண்டை போட்டு அனுப்பினேன். அத வெளில சொன்னா என்னால உயிரோட இருக்க முடியாதுன்னு... உங்க மேல பழி விழுந்தப்போ பேசாம இருந்துட்டேன்."

இந்த வார்த்தைகள் வரும் நாளை எத்தனையோ தடவை கற்பனை செய்திருக்கிறாள். அதில் எப்போதும் அவள் அழுவாள். இப்போது அழுகை வரவில்லை. வந்த நியாயத்தை வைத்துக்கொள்ள உள்ளே இடமில்லை.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா," என்றாள் மெதுவாக, "இன்னிக்கு அந்தம்மாகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன்."

வேனிலிருந்து இறங்கினாள். காவலரிடம் போய், கொட்டகை எங்கே இருக்கிறது, அந்த அம்மாளுக்கு எந்தக் கால் சரியில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் வாக்கிடாக்கியில் பேசினார். "ஆள் போயிருக்காங்கம்மா. இன்னும் யாரும் இறங்கல."

"நீங்கல்லாம் வீட்டுக்குப் போங்க," என்றாள் கணவனிடம். "அவங்க இறங்கற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

சாவடிப் பலகையில் உட்கார்ந்தாள். வேன் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மாமியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மருமகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏதாவது சொல்லும்மா," என்றாள் மாமியார். "அவ வந்துருவான்னு சொல்லு. உன் வாய் பலிக்கும்... சொல்லு."

சாலை புகைக்குள் போய் முடிந்திருந்தது. தன் நாக்குக்கு எந்தச் சக்தியும் இல்லை என்பது அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். அது பொய்யாக இருக்கக்கூடாதா என்று இன்று முதல் தடவையாக ஏங்கினாள்.

"வந்துருவாங்க," என்றாள். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் மறுபடியும் சொன்னாள்.