லியென் ஊருக்குப் போகும் நாள்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. அலுவலக அறையின் பழைய இரும்பு பீரோ திறந்து கிடந்தது. கொண்டிக்கு நேர் கீழே ஒரு பூட்டு அடிபட்டு நசுங்கித் தரையில் கிடந்தது. காசோலைப் புத்தகம், முத்திரைகள் எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. ஒரு வியட்நாம் பாஸ்போர்ட்டை மட்டும் காணவில்லை.

திண்டிவனத்தை அடுத்து, பெருமுக்கல் போகும் வழியில் உள்ள காலணித் தொழிற்சாலை அது. பாஸ்போர்ட் லியென் என்ற பெண்ணுடையது. ஐம்பது வயதைத் தொட்டவர். புதிய இயந்திரங்களைப் பொருத்தி, ஆட்களைப் பழக்குவதற்காக வேலை விசாவில் வந்திருந்தார். விசா மறுநாளோடு முடிகிறது. இந்த வெள்ளிக்கிழமை இரவே சென்னையிலிருந்து விமானம். ஊரில் மகளுக்குத் தலைப்பிரசவம்.

பாஸ்போர்ட் கிடைக்காவிட்டால் தூதரகத்தில் மாற்று ஆவணம் வாங்கி, நாட்டைவிட்டு வெளியேற அனுமதியும் பெற வேண்டும். அதற்குள் விசா முடிந்த பிறகும் தங்கியவர் என்று பதிவாகிவிடும். பிறகு இந்தியாவுக்கு வேலைக்கு வருவதே சந்தேகம்.

விழுப்புரத்தில் வெளிநாட்டவர் பதிவைக் கவனிக்கும் சப்-இன்ஸ்பெக்டர் கிருஷ்ணவேணி பதினோரு மணிக்கு வந்தார். தகவல் சொன்னவர் மேலாளர் கோகுலகிருஷ்ணன்.

"அவங்க பாஸ்போர்ட் உங்க பீரோவுல எதுக்கு?"

"பாதுகாப்புக்குத்தான் மேடம். சாவி ஒண்ணே ஒண்ணு, எங்கிட்டதான் இருக்கும்." கேட்காமலே அதை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அடுத்தவங்க பாஸ்போர்ட்ட வேலை குடுக்குறவர் வாங்கி வெச்சுக்கக் கூடாது. அத அப்புறம் பேசலாம்."

கிருஷ்ணவேணி சாவியை நசுங்கிய பூட்டில் நுழைத்துப் பார்த்தார். உள்ளே போகவில்லை. பூட்டைத் திருப்பிப் பார்த்தார். துருவும் கிரீஸும் கையில் ஒட்டின. சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

புதன்கிழமை ஆயுத பூஜை. படையல் முடிந்ததும் எல்லோரும் பொரிப் பொட்டலத்தோடு கிளம்பிவிட்டார்கள். வியாழன் விடுமுறை. அன்று மாலை சென்னையிலிருந்து உதிரிபாகப் பெட்டி வந்ததால், தான் மட்டும் வந்து இறக்கி வைத்துவிட்டுப் போனதாகக் கோகுலகிருஷ்ணன் சொன்னார். பூஜையன்று கடைசியாக அறையில் இருந்தவள் துப்புரவு வேலை செய்யும் செண்பகம் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

செண்பகம் வாசலிலேயே நின்றிருந்தாள். "ரூமத் தொடச்சிக்கினு இருந்தேன் மேடம். அப்புறம் ஒவ்வொண்ணுக்கா பொட்டு வெச்சேன். சாரு சூடம் காட்டுறப்பதான் வந்தாரு. அதுக்குள்ள நான் திருடியா?"

அவள் எதையும் விட்டுவைக்கவில்லை. கணினி, மின்விசிறி சுவிட்ச், தீயணைப்புக் குடுவை, மேலாளரின் நாற்காலிக் கை எல்லாவற்றிலும் சந்தனம், நடுவில் குங்குமம். பீரோக் கதவில் இரண்டு.

"பூட்டுக்கு?"

"பூட்டுக்கு வெக்காமயா? நான் வெக்காத பூட்டே இங்க இல்ல."

லியென் பெட்டி படுக்கையோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். கூட வேலை செய்த பெண்களிடமிருந்து பொறுக்கிய தமிழ் அவரிடம் இருந்தது. இயந்திரம் இன்னும் சரியாக ஓடவில்லை, இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போ என்று சார் கேட்டதாகவும், தான் மறுத்ததாகவும் சொன்னார்.

"விசா நீட்டிக்க விண்ணப்பம் போட்டாரா?"

"போடல. நான் சொன்னேன், போலீஸ் கேக்கும். அவர் சிரிச்சார். மகள் வலி வந்துட்டா பேஜாரு மேடம். ஜல்தி போவணும்."

கிருஷ்ணவேணி இயந்திரக் கூடத்தைச் சுற்றி வந்தார். அங்கும் அதே பொட்டுகள். மூலையில் ஒரு புதிய தகரப் பெட்டி. நேற்று வந்தது அதுதான் என்றார் மேலாளர். பெட்டியில் பொட்டு இல்லை. அதில் தொங்கிய பூட்டில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

"இதத் திறங்க."

"சாவி வீட்ல இருக்கு மேடம். நாளைக்கு வேணா..."

"வேணாம்." தன்னிடம் இருந்த பீரோச் சாவியை நுழைத்துத் திருப்பினார். பூட்டு திறந்துகொண்டது. உதிரிபாகங்களுக்கு நடுவே ஒரு பாலித்தீன் உறை. அதில் பாஸ்போர்ட்.

கிருஷ்ணவேணி குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"உடைஞ்ச பூட்டுல பொட்டு இல்ல, பொட்டு அழிஞ்ச தடமும் இல்ல. துருவும் கிரீஸும்தான் இருந்துச்சு. அது பூஜையப்ப பீரோவுல தொங்கின பூட்டே இல்ல, பழைய சாமான்ல கெடந்தது. அப்ப பீரோவோட பூட்டு எங்க? நேத்து சாயங்காலம் வந்த பெட்டிக்கு யாரும் பொட்டு வெக்கல. ஆனா அது பூட்டுக்கு மட்டும் முந்தின நாள் பொட்டு. நல்ல பூட்டத் தூக்கிப் போட மனசு வரல, இல்லீங்களா கோகுலகிருஷ்ணன்?"

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டே வாரம் மேடம். ஆர்டர் போயிடும். பாஸ்போர்ட் தொலைஞ்சுதுன்னா தானா இருந்துடுவாங்கன்னு..."

"முறையா நீட்டிப்பு கேட்டிருக்கலாம். அதுக்கு அவங்க சம்மதிக்கணும். அதான உங்களுக்குச் சிக்கல்?"

பாஸ்போர்ட்டை லியென் இரண்டு கையாலும் வாங்கி, பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, இடுப்புப் பையில் வைத்தார். கார் வந்து நின்றது. கோகுலகிருஷ்ணன் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டபடி, அந்த இயந்திரத்தை இனி யார் சரிசெய்வது என்று கேட்டார்.

"புள்ள பொறந்தப்புறம் போன் பண்ணிக் கேளுங்க" என்றார் கிருஷ்ணவேணி. "இஷ்டம் இருந்தா சொல்லுவாங்க."

செண்பகம் சந்தனக் கிண்ணத்தோடு ஓடி வந்தாள். லியெனின் பயணப்பெட்டிப் பூட்டில் ஒரு பொட்டு வைத்தாள். பிறகு மேலாளரைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாத்துக்கோ சார். வெச்சிருக்கேன்."